ஜன்னல் பக்கம் சாய்ந்த அவரை

ஓர் ஊழியன் தன் அலுவலகத்துக்கு விசுவாசமாக இருக்கிறானா, இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க மனித குலம் இதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. கையெழுத்து வாங்கிப் பார்த்தார்கள். கைரேகை வாங்கிப் பார்த்தார்கள். கழிப்பறை வாசல் வரைக்கும் கேமரா வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஆளுக்கு ஓர் அவரை விதையைக் கொண்டு, ஆறே வாரத்தில், அந்தக் கேள்விக்கு முடிவான விடை கண்ட பெருமை எங்கள் பூட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தையே சாரும். அந்த மகத்தான பணியில் அடியேனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கம் எனக்கு இயல்பாகவே வரும். சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பூட்டைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. மிகவும் உறுதியான பூட்டு. ஒருமுறை பூட்டிவிட்டால் திருடன் வந்தாலும் திறக்காது. சொந்தக்காரர் சாவியோடு வந்தாலும் திறக்காது. இந்த இரண்டாவது சிறப்பைப் புரிந்துகொள்ளாத வாடிக்கையாளர்கள் மாதம் நானூறு கடிதம் எழுதுவார்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவது புகார்ப் பிரிவின் கடமை. புகார்ப் பிரிவு என்றால் நானும் தபால் அக்காவும்தான். அக்கா கடிதங்களைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, என் மேஜைக்குத் தள்ளுவார். நான் ‘தங்கள் மேலான கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதுவேன். அக்கா அதை உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார்.

சில கடிதங்களை மட்டும் அக்கா என்னிடம் தரமாட்டார். மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டுத் திறக்க முடியாமல் தவிப்பவர்கள், வீட்டுக்கு வெளியே நிற்பவர்கள், இப்படி. அவர்களுக்குத் தானே போன் போட்டு, “சாவியில கொஞ்சம் பென்சில் தூளைத் தடவுங்க. பூட்டைத் தலைகீழாப் பிடிச்சு, ஒரு தட்டு தட்டிட்டுத் திருகுங்க” என்பார். பூட்டு திறந்துவிடும். இது விதிமுறைக்கு முற்றிலும் மாறானது. புகார்ப் பிரிவில் புகாரைத் தீர்த்துவைக்க இடமே இல்லை.

அக்காவின் இடம் ஜன்னலோரம். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. என் இடம் அதற்கு அடுத்தது. நான் தாமதமாக வரும் நாட்களில் என் பேனாவைத் திறந்து மேஜை மேல் வைத்து, என் தலைக்கு மேல் இருக்கும் மின்விசிறியைச் சுழலவிட்டு, மேலாளர் கேட்டால் “இப்பதான் சார் எழுந்து போனார்” என்று சொல்லும் பண்பு அவருக்கு உண்டு. வருஷத்தில் இருநூறு நாள் நான் ‘இப்பதான் எழுந்து’ போயிருக்கிறேன்.

இந்தச் சூழ்நிலையில்தான் எங்கள் மேலாளர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். மேலாளர் முகாமுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். போன முகாமிலிருந்து ‘நின்றுகொண்டே கூட்டம்’ கொண்டுவந்தார். இரண்டு பேருக்குக் கால் வீங்கியது. அதற்கு முந்தைய முகாமிலிருந்து ‘காலைச் சிரிப்பு’ கொண்டுவந்தார், ஒருவர் அழுதார். இந்த முறை ஓர் ஆளையே கொண்டுவந்துவிட்டார்.

அவர் பெயருக்குக் கீழே ‘தாவர வழி மனிதவள ஆலோசகர்’ என்று அச்சடித்திருந்தது. முப்பது வயது இருக்கும். கோட்டுப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணமானி இருந்தது. எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்து, கையில் ஓர் அவரை விதையைத் தூக்கிப் பிடித்தார்.

“மனுஷன் பொய் சொல்வான். செடி பொய் சொல்லாது. நீங்க தினமும் எட்டு மணி நேரம் ஒரு செடி பக்கத்துல உட்கார்ந்தா, உங்க மனசு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் செடியும் சாயும். இது ஆராய்ச்சி.”

அடித்தளத்தில் பழைய கோப்புகளோடு வாழும் ரெக்கார்டு ரூம் அண்ணன் கையைத் தூக்கினார். வெளிச்சத்துக்கு வந்தால் கண் கூசுகிறவர்; கையைத் தூக்கியது சந்தேகத்துக்கா, கண்ணை மறைக்கவா என்று முதலில் தெரியவில்லை.

“என் மனசு செடிக்கு எப்படிங்க தெரியும்?”

“வேர் வழியா.”

“வேர் தொட்டிக்குள்ள இருக்கு. நான் நாற்காலியில இருக்கேன்.”

“தொட்டி எதுமேல இருக்கு?”

“மேஜை மேல.”

“மேஜை?”

“தரையில.”

“உங்க நாற்காலி?”

“அதுவும் தரையிலதான்.”

“அவ்வளவுதான்!” என்றார் ஆலோசகர். மேலாளர் கைதட்டினார். மேலாளர் கைதட்டியதால் நாங்களும் தட்டினோம். அண்ணன் மட்டும் குனிந்து தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆளுக்கு ஒரு தொட்டி, ஒரு விதை. தொட்டியை மேஜையின் வலது மூலையில் வைக்க வேண்டும். இடம் மாற்றினால் ஒழுங்கு நடவடிக்கை. செடி மேலாளர் அறைப் பக்கம் சாய்ந்தால் ‘விசுவாசம்’. எந்தப் பக்கமும் சாயாமல் நட்டமாக நின்றால் ‘நடுநிலை’. ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ சாய்ந்தால் ‘வெளிநோக்கு’; அதாவது, ஆள் வேறு வேலை தேடுகிறார். மேலாளருக்கும் ஒரு தொட்டி உண்டு. ஆனால் அவர் அறை ‘மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்டது’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தொட்டியை மேலாளரின் முதுகுக்குப் பின்னால் அலமாரி மேல் வைத்து, தினமும் ஆலோசகரே தன் கையால் தண்ணீர் ஊற்றினார். உரமும் போட்டார். மற்றவர்களுடையது செடி, அது மரியாதை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்தப் புரட்சியை என் மனைவியிடம் விளக்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சாப்பாட்டு மேஜையில் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்பு மையை மூடாமலே நிமிர்ந்தாள்.

“உங்க ஆபீஸ்ல ஜன்னல் எந்தப் பக்கம்?”

“கிழக்கே. அக்கா சீட்டு பக்கம்.”

“அப்ப எல்லார் செடியும் கிழக்கேதான் சாயும்.”

“எல்லாரும் வேற வேலை தேடறாங்கன்னு சொல்றியா?”

“வெளிச்சம் தேடுதுன்னு சொல்றேன். செடியோட நுனியில ஒரு ஹார்மோன் ஊறும். வெளிச்சம் ஒரு பக்கமா வந்தா, அது நிழல் பக்கமா ஒதுங்கும். அது சேர்ந்த பக்கத்துல செல்லெல்லாம் நீளமா வளரும். நிழல் பக்கம் நீளமாச்சுன்னா, தண்டு வெளிச்சத்துப் பக்கம்தானே வளையும்? ஆறாம் கிளாஸ் பிள்ளைக்கே தெரியும்.”

“எங்க மேலாளர் எம்.பி.ஏ.”

“அதான் பார்த்தேன்” என்றாள். பிறகு விளையாட்டாகச் சொன்னாள்: “தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வச்சீங்கன்னா, எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும். நட்டமா நிக்கும்.”

சுற்றறிக்கையை எடுத்து மறுபடியும் படித்தேன். இடம் மாற்றக் கூடாது என்றுதான் இருந்தது. திருப்பக் கூடாது என்று ஓர் இடத்திலும் இல்லை. பொதுவாக நான் விதிமுறைகளை மதிப்பவன். அவற்றில் எழுதாமல் விட்டதை இன்னும் அதிகமாக மதிப்பவன். மறுநாள் முதல் காலையில் குடையை மாட்டுகிற சாக்கில் தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவேன். மனைவி சொன்ன மற்ற விஷயத்தை, அலுவலக நலன் கருதி, ரகசியமாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் முதல் அளவெடுப்பு. ஆலோசகர் கோணமானியோடு மேஜை மேஜையாக வந்தார். பின்னால் மேலாளர், கையில் பேரேடு. மேலாளர் அறைப் பக்கம் சாய்ந்த செடி ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கம் வெளிச்சமே கிடையாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்ததால் நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை.

விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவரின் தொட்டி, மேஜை துடைப்பவர் கைபட்டு உருண்டு, இரண்டு நாள் படுத்தே கிடந்திருந்தது. தொட்டி படுத்துவிட்டதே தவிர, தண்டு அப்படியே வளைந்து வானத்தைப் பார்த்துக் கிளம்பியிருந்தது. ஆலோசகர் நெகிழ்ந்துபோனார். “பாருங்க! தள்ளிவிட்டாலும் மேலேயே போற குணம்! தலைமைப் பண்பு!” என்று பேரேட்டில் எழுதச் சொன்னார். மறுநாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது பதினோரு தொட்டிகள் ‘தற்செயலாக’ உருண்டு கிடந்தன.

அளவெடுப்பு அடித்தளத்துக்கு இறங்கியது. ரெக்கார்டு ரூமில் ஒரே ஒரு குண்டு பல்பு. அதையும் மின்சாரச் சிக்கனம் என்று பாதி நாள் அணைத்துவைப்பார்கள். அங்கே அண்ணனின் செடி எல்லோருடையதையும்விட மூன்று மடங்கு உயரத்தில் நின்றது. நூல் மாதிரித் தண்டு. வெளிறிப்போன மஞ்சள். இலை என்று சொல்லிக்கொள்ள உச்சியில் இரண்டு பொட்டு.

“அபாரம்!” என்றார் ஆலோசகர். “அலுவலகத்துலேயே அதிவேக வளர்ச்சி!”

“இது வளரலைங்க” என்றார் அண்ணன். “வெளிச்சம் எங்கே இருக்குன்னு இருட்டுல தேடிக்கிட்டு ஓடுது. இருக்கிற சத்தையெல்லாம் ஓடறதுக்கே செலவு பண்ணிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் தாங்காது.”

“தேடல் மனப்பான்மை” என்று ஆலோசகர் சொல்ல, மேலாளர் எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு ‘அதிவேக வளர்ச்சிச் சான்றிதழ்’ வழங்கப்பட்டது. மறுநாள் செடி சரிந்து விழுந்து செத்தது. சான்றிதழில் தேதி முந்தைய நாளாக இருந்ததால் சிக்கல் எதுவும் எழவில்லை.

என் மேஜைக்கு வந்தபோது ஆலோசகர் கோணமானியை வைத்துப் பார்த்தார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். தொண்ணூறு டிகிரி. இம்மி பிசகவில்லை.

“சார்! எந்தப் பக்கமும் சாயாத ஒரு மனுஷன்!” என்று கூவினார். மேலாளர் என் தோளில் தட்டினார். அன்றுதான் எனக்கு ‘நடுநிலை மற்றும் அடக்கம்’ சான்றிதழ் கிடைத்தது. அந்த நேரத்தில் எனக்கு ஓர் உண்மை விளங்கியது: அலுவலகத்தில் நட்டமாக நிற்பது எதுவோ, அதை யாரோ தினமும் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது அக்காவின் மேஜை. ஜன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்த தொட்டி. அக்கா நல்ல கைராசிக்காரர். செடி தளதளவென்று இருந்தது. அத்தனை தளதளப்பும் ஒட்டுமொத்தமாக ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கொடியின் நுனி கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டும் இருந்தது.

“நாற்பத்தி ரெண்டு டிகிரி” என்றார் ஆலோசகர், டாக்டர் காய்ச்சலைச் சொல்வதுபோல. “வெளிநோக்கு. அதுவும் முற்றின நிலை. கம்பியையே பிடிச்சாச்சு.”

அவர்கள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்களுது மட்டும் எப்படி இப்படிக் குச்சி நட்ட மாதிரி நிக்குது?”

ஒரு வார்த்தை. ‘திருப்பி வைங்க அக்கா’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரகசியம் என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தால் இரண்டு பேர் நட்டமாக நிற்பார்கள். அப்புறம் நடுநிலைக்கு என்ன மதிப்பு?

“மனசு அப்படி அக்கா” என்றேன்.

அக்கா சிரித்தார். என்னை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த மூன்று வாரமும் அவர் பாவம் செடியிடம் பேசிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா. மேலாளர் ரூம் இங்கே இருக்கு பாரு” என்று மெல்லத் தண்டைத் தடவிக் கொடுப்பார். ஒரு நூலால்கூட இழுத்துக் கட்டிப் பார்த்தார். செடி நூலுக்குள்ளிருந்தே புதுக்கிளை விட்டு ஜன்னலுக்குப் போயிற்று. செடி பொய் சொல்லாது என்று ஆலோசகர் சொன்னது அந்த அளவில் உண்மைதான்.

ஆறாவது வாரம் விசாரணைக் குழு கூடியது. உறுப்பினர்கள் மூவர்: மேலாளர், ஆலோசகர், நடுநிலை உறுப்பினராக நான். மேஜை மேல் சாட்சிப் பொருளாக அக்காவின் தொட்டி. கம்பியிலிருந்து பிரித்ததில் நுனி ஒடிந்திருந்தது.

“என்னம்மா இது?” என்றார் மேலாளர். “பத்தொன்பது வருஷம் சோறு போட்ட கம்பெனி.”

“நான் எங்கேயும் போகலை சார். செடிதான் போகுது. அங்கேதானே வெளிச்சம் வருது?”

ஆலோசகர் துள்ளி நிமிர்ந்தார். “வெளிச்சம்! வெளியிலதான் வெளிச்சம் இருக்குன்னு நினைக்கிறீங்க. குறிச்சுக்கங்க சார்.”

“நான் நினைக்கலை சார், இருக்கு.”

“ஜன்னல் வழியா என்ன தெரியும்?”

“பஸ் ஸ்டாப்.”

மேலாளரும் ஆலோசகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கிளம்பிப் போற வழி” என்று ஆலோசகர் மெதுவாகச் சொன்னார். எழுதப்பட்டது.

அக்கா மேலாளர் பக்கம் திரும்பினார். “சார், இன்னும் பத்து மாசம் போனா எனக்கு இருபது வருஷம் முடியும். அப்பதான் ஓய்வூதியம். இந்த நேரத்துல நான் ஏன் சார் வேற வேலை தேடப்போறேன்? எனக்கு யார் தரப்போறாங்க?” என்றவர், என்னைப் பார்த்தார். “தம்பி, உங்க வீட்டம்மா சயின்ஸ் டீச்சர்தானே? அவங்ககிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க தம்பி. செடின்னா இப்படித்தானே வளரும்? சொல்லுங்களேன்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். ஆலோசகர் என் சான்றிதழைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே நட்டமான வாக்கியம் ஒன்றைச் சொன்னேன்:

“இரண்டு தரப்பிலும் கவனத்தில் கொள்ள வேண்டிய அம்சங்கள் இருப்பதாகத் தெரிகிறது.”

அக்கா அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியில் ஒடிந்து தொங்கிய நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு அன்றே டைப் ஆனது. வெளிநோக்கு நிரூபிக்கப்பட்டதால், ஊழியரை ‘வெளிச்சத்தின் சபலத்திலிருந்து காக்கும் பொருட்டு’ அடித்தள ரெக்கார்டு ரூமுக்கு மாற்ற உத்தரவு. அக்காவுக்கு இழுப்பு நோய் உண்டு; கோப்புத் தூசி ஒரு மணி நேரம் பட்டால் மூச்சுத் திணறிவிடும். இது மேலாளருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருமுறை கீழே போய்த் திணறியபோது அண்ணனும் நானும்தான் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தோம். ஆகவே அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு அவர் கீழே போகமாட்டார், வெளியேதான் போவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்றாவது என்னுடையது. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அக்கா ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதி, தேதி முத்திரை குத்தி, என் மேஜைக்குத் தள்ளினார். பழக்கம். பிறகு டிபன் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டார். தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

“சாயங்காலத் தபாலுக்கு உறையெல்லாம் ஒட்டி வச்சிருக்கேன் தம்பி. மறந்துடாதீங்க” என்றார். போய்விட்டார்.

காலியான ஜன்னலோர நாற்காலி, நடுநிலை உறுப்பினர் என்ற முறையில், எனக்கே ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் நன்றாகவே தெரிகிறது. அன்று பஸ் வரத் தாமதம். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றார். எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்ததால் நாற்பது நிமிஷம் மட்டுமே பார்க்க முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து முதலாளி வந்தார். முதலாளி வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவருடைய அறை மேலாளர் அறைக்கு அடுத்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அவர் இல்லாத நாளிலும் அந்த அறையில் பெரிய ஜன்னலின் திரை திறந்தே இருக்க வேண்டும், கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்பது கட்டளை. மேலாளர் அறைக்குச் சொந்த ஜன்னல் கிடையாது. வெளிச்சமெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக வருவதுதான்.

முதலாளி கூடத்தில் மாட்டியிருந்த அவரைப் பட்டியலை நின்று படித்தார். ‘மனம் சாயும் பக்கம் செடி சாயும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. “நல்ல ஏற்பாடா இருக்கே!” என்று ஆலோசகரின் முதுகில் தட்டிவிட்டுத் தன் அறையைத் திறந்து உள்ளே போனார். அடுத்த நொடி, “இது என்ன?” என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். மேலாளரின் அலமாரி மேல் இருந்த அவரை, ஆலோசகரின் உரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, தடுப்புக்கும் சுவருக்கும் இடையே இருந்த இரண்டு விரல் சந்தில் நுழைந்து, முதலாளி அறைக்குள் இறங்கி, முதலாளியின் நாற்காலியைக் கால் முதல் கைப்பிடி வரை ஏழு சுற்றுச் சுற்றியிருந்தது. கைப்பிடியில் ஒரு பூவும் வைத்திருந்தது.

“யார் செடி?” என்றார் முதலாளி.

கொடி எங்கிருந்து வருகிறது என்பதை அதுவே காட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப, என் நாற்காலி மேலேயே கண்ணா?”

மேலாளருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. “ஐயோ சார்! செடிக்கு மனசு ஏது சார்! அது... அது...” என்றவர், கூட்டத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்தார். “இவரோட வீட்டம்மா சயின்ஸ் டீச்சர் சார்! நீங்க சொல்லுங்க சார்! செடின்னா எப்படி வளரும்?”

என்னை ‘சார்’ என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

நான் முன்னால் வந்தேன். குரல் கணீரென்று வந்தது. தண்டின் நுனியில் ஊறும் ஹார்மோனைச் சொன்னேன். அது நிழல் பக்கம் ஒதுங்குவதைச் சொன்னேன். நிழல் பக்கத்துச் செல்கள் நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைவதை, முதலாளியின் பேனா ஒன்றை வாங்கி, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். கொடி எதைத் தொட்டாலும், தொட்ட இடத்தில் இறுகி வளைந்து சுற்றிக்கொள்ளும், அது நாற்காலியா ஜன்னல் கம்பியா என்று பார்க்காது என்றேன். “இதில் விசுவாசமும் இல்லை, துரோகமும் இல்லை ஐயா. ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது ஒன்றுதான் இதில் தெரியும்” என்று முடித்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிந்திருக்கும், முதலாளிக்கே புரிந்துவிட்டது.

“பிரமாதம். இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?” என்றார் முதலாளி.

“இப்பதான் ஐயா. தங்களைப் பார்த்ததும்.”

கூட்டத்தின் பின்வரிசையில் ரெக்கார்டு ரூம் அண்ணன் நின்றிருந்தார். கண் கூசுகிறவர்போல முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானத்துக்குள் திட்டம் ரத்து. ஆலோசகர் கோணமானியைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் சாய்ந்தார். தொட்டிகளையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ‘அறிவியல் மனப்பான்மை’ உள்ளவர் என்று என்னைப் புகார்ப் பிரிவின் தலைவராக நியமித்தார். பிரிவில் இப்போது நான் ஒருவன்தான் என்பதால் போட்டி இல்லை.

சாயங்காலம் நல்ல செய்தியோடு வீட்டுக்குப் போனேன். மனைவி பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“கடைசியில உண்மை ஜெயிச்சிடுச்சு” என்றேன். “செடி எப்படி வளரும்னு முதலாளிக்கே நான்தான் பாடம் எடுத்தேன். நீ சொன்னதை ஒரு வரி விடாம சொன்னேன்.”

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அப்படியா! அப்ப அந்தத் தபால் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்களா?”

“அது வேற ஃபைல்.”

“என்ன வேற ஃபைல்? செடி சாஞ்சது வெளிச்சத்துக்காகத்தான்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல?”

“ஒத்துக்கிட்டாங்க. ஆனா அக்கா போனது ராஜினாமா. தானே எழுதிக் கொடுத்தது. அதை எடுத்துப் பேசணும்னா, விசாரணை அன்னிக்கே உங்களுக்கு இது தெரியுமா தெரியாதான்னு என்னைக் கேப்பாங்க.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “விசாரணையில நீங்க இருந்தீங்களா?”

இதுவரை அவளிடம் சொல்லாமல் இருந்த சின்ன விவரம் அது. “நடுநிலை உறுப்பினரா” என்றேன்.

அவள் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். கோபப்பட்டாலாவது சமாளிக்கலாம். நானே ஆரம்பித்தேன். “என் இடத்துல இருந்து பார்த்தாத்தான் தெரியும். எதிர்ல மேலாளர். பக்கத்துல ஆலோசகர். என்ன பண்ணச் சொல்றே? நீதானே சொன்னே, சுத்தி இருக்கிறதுக்குத் தகுந்த மாதிரிதான் செடியே வளையும்னு.”

“செடிக்குக் கால் இல்லைங்க” என்றாள் அவள். “வேர் விட்ட இடத்தை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதனால பாவம், இருந்த இடத்துலேயே வளைஞ்சு நெளிஞ்சு பிழைக்குது. உங்களுக்கு என்ன கேடு? ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?”

நான் குனிந்து பார்த்தேன். இரண்டும் இருக்கத்தான் இருந்தன.